காணாமல் போகும் ஃபோல்டர்

அந்த வாரம் முழுக்க நான் பைத்தானை இன்ஸ்டால் செய்துகொண்டே இருந்தேன். ஒரு தடவை செய்தால் போதும் என்றுதான் ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. எனக்கு மட்டும் அது தினமும் காலையில் வாசல் கூட்டுவது மாதிரி ஆகிவிட்டது. நேற்றுக் கூட்டியது இன்றைக்குச் செல்லாது.

பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. நானாக ஆசைப்பட்டு அதைத் தேடிப் போகவில்லை. மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில், ஒவ்வொரு பம்பையும் சோதித்து வரும் எண்களைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. இனி அந்த எண்களை மெஷினே நேராக அனுப்பிவிடுமாம், தட்டுகிற ஆட்கள் மாதக் கடைசியோடு போகலாமாம். மேல் மாடியில் ரிப்போர்ட் பிரிவில் மட்டும் ஓர் இடம் இருந்தது. பைத்தானில் சின்னச் சின்ன ப்ரோக்ராம் எழுதி, வருகிற எண்களில் தேறாத பம்புகளைப் பிரித்துக் காட்டுகிற வேலை. அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒட்டிக்கொண்டு படித்தேன். சனிக்கிழமை காலையில் தேர்வு. வீட்டிலிருந்தே, சொந்தக் கம்ப்யூட்டரில், திரையை அவர்களுக்குக் காட்டியபடி எழுத வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் தயாரா இருக்கணும். ஓடலைன்னா தேர்வு கிடையாது" என்று பயிற்சி மேடம் சொல்லிவிட்டார். தேறினால் மேல் மாடி. இல்லையென்றால் வீடு. நடுவில் வேறு எதுவும் இல்லை.

இன்ஸ்டால் செய்வதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சி டிரைவில் 'டூல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் பைத்தானைப் போட வேண்டும். பிறகு அட்டவணைகளைப் படிக்கிற துணைச் சாமான்களையும் அதற்குள்ளேயே போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் போட்டேன். கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்து பைத்தான் என்று தட்டினேன், சமர்த்தாகப் பதில் சொன்னது. பயிற்சிக் கணக்கு ஒன்றை ஓட்டினேன், ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் மிதப்போடு லேப்டாப்பை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதே ஜன்னல், அதே வார்த்தை. அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று சாதித்தது.

எழுத்துப் பிழையோ என்று திரும்பத் தட்டினேன். இல்லை. சி டிரைவுக்குள் போய்ப் பார்த்தால் டூல்ஸ் ஃபோல்டரே காணோம். சரி, மறுபடி போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், 'ஏற்கெனவே இருக்கிறது, பழுது பார்க்கவா?' என்று கேட்டது. ஒரு ஜன்னல் இல்லை என்கிறது, இன்னொரு ஜன்னல் இருக்கிறது என்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு என் காதில் பூச்சுற்றுகின்றன. பழுது பார் என்று அமுக்கினேன். ஃபோல்டர் வந்தது. துணைச் சாமான்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டேன். ஓடியது. ஆனால் படிக்க வைத்திருந்த காலை நேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன, உன் பைத்தான் ஓடுதா? எங்க கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மேனேஜர் கூட விசாரிச்சார்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஓடுகிற லட்சணம் எனக்கல்லவா தெரியும். இந்த மனிதர் அதற்குள் ஊரெல்லாம் தமுக்கு அடித்தாகிவிட்டது.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது? சனிக்கிழமை பரீட்சை முடியற வரைக்கும் அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாது. கேட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"சரி, கேக்கல" என்றார். அதற்கப்புறம் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்டார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அன்றைக்கு வந்த சரக்கு அன்றைக்கே அதனதன் அடுக்குக்குப் போய்விட வேண்டும், எதுவும் வாசலில் கிடக்கக்கூடாது. அதைச் செய்யாமல் கிடங்கை விட்டுக் கிளம்பமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். கத்தரிக்கோலைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினால் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு திருப்புளி வேண்டுமென்றால்கூட அலமாரிச் சாவியை அவரிடம் வாங்க வேண்டும், ஏனென்றால் எந்த இடத்திலும் முதலில் தொலைவது அதுதானாம். லேப்டாப்பிலும் போட்டோக்களை வருடவாரியாகவும் மின்கட்டண ரசீதுகளை மாதவாரியாகவும் டி டிரைவில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்ப்பதே இல்லை. கல்யாணமான புதிதில் இதற்காக நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது, சௌகரியமாகக்கூட இருந்தது.

அவருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதியம். பகலில் நான் வீட்டில் இருக்கும்போது அவர் இல்லை, சாயங்காலம் அவர் இருக்கும்போது நான் இல்லை. அவர் தங்கை, என் நாத்தனார், எங்களோடுதான் இருக்கிறாள். முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். சாயங்காலம் லேப்டாப்பில் கை வெட்டுவது எப்படி, கழுத்து வெட்டுவது எப்படி என்று வீடியோ பார்ப்பாள்.

புதன்கிழமை காலையில் ஃபோல்டர் மறுபடி இல்லை.

பயிற்சி மேடத்துக்குப் போன் செய்தேன். சின்னப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்றார்.

"பண்ணேன் மேடம்."

"பாத் சரியா இருக்கான்னு பாருங்க."

பாத் என்பது வேறொன்றுமில்லை, பைத்தான் என்று சொன்னால் எங்கே போய்த் தேட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற முகவரி. பார்த்தேன். முகவரி அட்சரம் பிசகாமல் இருந்தது. அந்த முகவரியில் வீடுதான் இல்லை.

"ஃபோல்டரே இல்ல மேடம்."

"அதெப்படிங்க தானா போகும்? வீட்ல யாராவது அழிச்சிருப்பாங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார். எதை எடுத்துக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ஃபார்மட் பண்ணிடலாம் என்று சொல்வதால் அவருக்கு ஃபார்மட் அண்ணன் என்றே பெயர். வேறு வழியில்லாமல் அவரிடம் ஓடினேன். லேப்டாப்பைத் திறந்தார், ஒரு பார்வை பார்த்தார்.

"வைரஸா இருக்கும்மா. ஃபார்மட் பண்ணிடலாம்."

"அண்ணே, வீட்டுப் பத்திரத்துலேர்ந்து கல்யாணப் போட்டோ வரைக்கும் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ஃபார்மட் பண்ணா என் வீட்டுக்காரர் என்னை ஃபார்மட் பண்ணிடுவாரு. இதை மட்டும் போட்டுக் குடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அவர் கண் முன்னால் அது ஓடிய அழகைப் பார்க்க வேண்டுமே. நான் எழுதிய ப்ரோக்ராம் எல்லாம் தடுக்காமல் ஓடின. "பாருங்க, ஒண்ணுமே இல்ல. உங்களுக்குப் பதட்டம், அவ்வளவுதான்" என்றார். நாலு பேர் நிற்கிற கடையில் மூக்கறுபட்டு வந்தேன். வீட்டில் லேப்டாப்பை வைத்துவிட்டு அரக்கப்பரக்க வேலைக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை காலையில் ஃபோல்டர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சி மேடம் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் யாராவது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நேத்து சாயங்காலம் லேப்டாப்பை எடுத்தியா?" என்றேன்.

"எடுத்தேன் அண்ணி. பஃப் கை எப்படி வெக்கறதுன்னு பாத்தேன். ஏன்?"

"டூல்ஸ்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தேன். தினமும் காணாமப் போகுது."

"அதை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன், காய் நறுக்கவா?" என்று சிரித்தாள். "பைத்தான்னா மலைப்பாம்புதானே. ஊர்ந்து எங்கயாச்சும் போயிருக்கும், கட்டிலுக்கு அடியில பாருங்க."

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு. என் வேலை போயிடும், தெரியுதா? கண்டதையும் அமுக்கி அமுக்கி அழிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கே."

மெஷின் நின்றது. அவள் துணியிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டு, தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்தாள். "நான் இனிமே அதைத் தொடல அண்ணி. போதுமா?"

அன்று சாயங்காலம் அவள் தன் போனில், அந்த உள்ளங்கையளவு திரையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீடியோ பார்த்தாளாம். பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலும் ஃபோல்டர் இல்லை. தொடமாட்டேன் என்றால் அவள் தொடமாட்டாள், அப்படியென்றால் இது அவள் வேலையில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று லீவு போட்டேன். மறுபடியும் பென் டிரைவ், மறுபடியும் பழுது பார், மறுபடியும் துணைச் சாமான்கள். எந்தப் பொத்தான் எந்த மூலையில் வரும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். தேர்வில் இன்ஸ்டால் செய்யத்தான் கேள்வி கேட்பார்கள் என்றால் நான்தான் முதல் மார்க். கேட்கப்போவதோ ப்ரோக்ராம். அதைப் படிக்க இந்த வாரம் எனக்கு நேரமே கிடைக்கவில்லை. பகல் முழுக்க அந்தப் பெட்டியை விட்டு நகராமல் காவல் காத்தேன். ஃபோல்டர் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஓடிப்போகத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். "லீவா?" என்றார்.

"ம்."

என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். கைகால் கழுவிக்கொண்டு வந்து, "கரண்ட் பில் வந்திருக்கு. அதை மட்டும் லேப்டாப்ல எடுத்து வெச்சிடட்டுமா?" என்றார்.

"வைங்க. வெச்சிட்டு மூடிடுங்க. அப்புறம் யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். கழுத்து வலி உயிர் போயிற்று. சாப்பிட்டதும் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் தலை வாரிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் எல்லாம் ஓடியதே, இப்போது திறந்து பார்த்தால் அதற்கும் கண் பட்டுவிடும் என்று ஒரு அசட்டு எண்ணம். அதனால் தேர்வு நேரம் வரைக்கும் கறுப்பு ஜன்னலைத் திறக்கவே இல்லை. திரையில் தேர்வாளர் வந்தார், நரைத்த தலை, பதறாத குரல். வணக்கம் சொன்னேன். திரையைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

"முதல்ல பைத்தான் ஓடுதான்னு காட்டுங்க."

தட்டினேன். அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை.

சி டிரைவுக்குள் போனேன். இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை.

"நேத்து ஓடுச்சு சார்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. பரீட்சையில் தோற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் வாக்கியம் அதுதான்.

"பரவாயில்ல, பாருங்க. ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துல வரலைன்னா நான் அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்மா. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று பென் டிரைவைத் தேடினேன். லேப்டாப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அதுவும் இல்லை. மேஜையைத் தடவினேன், கீழே குனிந்து பார்த்தேன். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் மறந்துபோய்க் கத்தினேன்.

"பென் டிரைவ் எங்கே? யாரு எடுத்தது?"

உள்ளிருந்து, அன்றைக்கு விடுமுறையில் இருந்த வீட்டுக்காரரின் குரல் நிதானமாக வந்தது. "மேஜை மேல் டிராயர், இடது ஓரம்."

டிராயரை இழுத்தேன். இடது ஓரத்தில், ஒரு சின்ன டப்பாவுக்குள் இருந்தது. மண்டைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது.

அவர் வாசற்படிக்கு வந்து நின்றார். "நீ எதுவும் கேக்கக்கூடாதுன்னு சொன்னே. அதனால நான் கேக்கல. வேற எதையாவது தேடறியா?"

"டூல்ஸ்னு ஒரு ஃபோல்டர்" என்றேன்.

"அதுவா? அது உள்ள பத்திரமா இருக்கே."

"எங்க உள்ள?"

"டி டிரைவ்ல. பூட்டு அலமாரின்னு ஒண்ணு வெச்சிருக்கேன் பாரு, அதுல. தினமும் சி டிரைவ் வாசல்லயே கெடந்துது. டூல்ஸ்னு வேற பேர் போட்டிருந்துது. எங்க கிடங்குல திருப்புளி, ஸ்பானர்னு டூல்ஸ் எது வந்தாலும் சாயங்காலம் பூட்டு அலமாரிக்குத்தான் போகும், வாசல்ல விட்டா மறுநாள் இருக்காது. நானும் எடுத்து எடுத்து உள்ள வெக்கறேன், மறுநாள் பாத்தா மறுபடி வாசல்ல கெடக்குது. சரி, புதுச் சரக்கு வருதாக்கும்னு அதோடயே சேத்து வெச்சேன்."

ஒலிவாங்கி திறந்திருந்தது. தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டி டிரைவைத் திறந்தேன். போட்டோ, ரசீது, மருந்துச் சீட்டு என்று வரிசையாக ஃபோல்டர்கள். கடைசியில் பூட்டு அலமாரி. அதற்குள் வீட்டுப் பத்திரம், கல்யாணப் பதிவு, இன்ஷூரன்ஸ். அவற்றுக்கு நடுவில் 'அவள் படிப்பு' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் என் பள்ளிச் சான்றிதழ், தட்டச்சுப் பரீட்சைச் சான்றிதழ், இரண்டையும் அவர் என்றைக்கோ ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். மூன்றாவதாக டூல்ஸ்.

அதற்குள் இருந்த பைத்தானைப் பிடித்து இழுத்துக் கறுப்பு ஜன்னலில் போட்டேன். முழு முகவரியும் தானாக வந்து விழுந்தது. தமிழ் எழுத்துகள் வருகிற இடத்தில் அந்த ஜன்னலுக்குப் படிக்கத் தெரியாமல் கட்டம் கட்டமாகக் காட்டியது. அமுக்கினேன். சமர்த்தாகப் பதில் சொன்னது. ஒரு வாரமாக நான் போட்ட துணைச் சாமான்கள் ஒன்றுகூடக் குறையாமல் அதற்குள் இருந்தன.

"ஓடுது சார்" என்றேன்.

"பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்?"

"ஸ்டோர் கீப்பர் சார்."

"ம். ஆரம்பிங்க."

கேள்விகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. பம்புகளின் எண்கள் வந்தன, பல வருஷமாக என் விரல் வழியாகப் போன அதே எண்கள். தேறாததைப் பிரிக்கும் கணக்கு ஓடியது. அவற்றை மாதவாரியாக அடுக்கும் கணக்கும் ஓடியது. கடைசிக் கணக்கை முக்கால்வாசி எழுதும்போது நேரம் முடிந்துவிட்டது. பறிகொடுத்த நேரத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரக் காலைகள், கடைத்தெருவில் பட்ட அவமானம், நாத்தனாரிடம் கக்கிய வார்த்தைகள், எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்காக. இந்த மனிதரை இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதின வரைக்கும் சரியா இருக்கு. மிச்சத்தை இங்க வந்து கத்துக்கலாம். மேல் மாடியில உங்களுக்கு ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர் தருவாங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அதை வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாதீங்க" என்றார். திரை அணைந்தது.

முன்னறையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. எனக்குத் தேர்வு என்பதால் காலையிலிருந்து அவள் தைக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

எழுந்து திரும்பினேன். வாயில் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. வீட்டுக்காரர் இன்னும் அதே வாசற்படியில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாத்தனார், அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அவர் அணைந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரீட்சை முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப, இப்ப கேக்கலாமா?"